வாடைக்கு நிற்பது எது, உப்பைத் தடுப்பது எது? ராமநாதபுரம் கரைத் தோட்டங்களுக்கான மூடாக்கு ஒப்பீடு

கார்த்திகை மழை ஓயத் தொடங்கியதும் மண்டபம், உச்சிப்புளி, தேவிபட்டினம், சாயல்குடிப் பக்கத்து வீட்டுத் தோட்டக்காரர்களிடமிருந்து வரும் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான். வீட்டைச் சுற்றி ஏழெட்டு சென்ட் மணல். நாலைந்து தென்னை, ஒரு முருங்கை, இரண்டு பாத்தி கத்தரி, வெண்டை, கொஞ்சம் மல்லிகை. வெயிலில் காயாமல் இந்த மண்ணை மூடிவைக்க, அதாவது மூடாக்குப் போட, தென்னை மட்டையே போதுமா, நார்க்கழிவு வாங்கலாமா, கரையில் சும்மா கிடக்கும் கடற்புல்லை அள்ளலாமா, இல்லை பிளாஸ்டிக் சீட் விரித்துவிடலாமா?

மூடாக்கு பற்றித் தமிழில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி செம்மண்ணையோ டெல்டா வண்டலையோ மனதில் வைத்துச் சொன்னவை. அங்கே களையையும் ஈரத்தையும் மட்டும் பார்த்தால் போதும். நம் கரையில் உப்பு, காற்று, மணல் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதைவிட முக்கியமானது காலம். மூடாக்கு ஈரத்தை உண்டாக்காது, இருப்பதைக் காக்கும். பங்குனி வெயில் சுட்ட பிறகு போடுகிறவர் காய்ந்த மண்ணைத்தான் மூடிவைக்கிறார். இந்தக் கரையில் அது மார்கழி வேலை.

## எதை வைத்து எடைபோடுவது

உப்பு. கிணற்றுநீரின் டி.டி.எஸ். (லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்ற அளவு) 1,300 என்று மீட்டர் காட்டினால், 1,000 லிட்டர் பாய்ச்சும்போது 1.3 கிலோ உப்பையும் சேர்த்துப் பாய்ச்சுகிறீர்கள். தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு தங்கிவிடும். தை, மாசியில் பாத்தி ஓரத்தில் வெள்ளை பூப்பது இதனால்தான். மண்ணின் முகத்தை மூடினால் ஆவியாவது குறையும், பாசனம் குறையும், உப்பும் மேலே ஏறி வராது. ஆனால் மூடாக்குப் பொருளே உப்போடு வந்தால் கதை தலைகீழ். ஆகவே இரண்டு கேள்விகள்: அது உப்பைத் தடுக்கிறதா, உப்பைக் கொண்டுவருகிறதா?

காற்று. கார்த்திகை முதல் தை வரை வடகிழக்கிலிருந்து வாடை. வைகாசி முதல் ஆவணி வரை தென்மேற்கிலிருந்து கச்சான். இரண்டு காற்றுக்கும் எதிரெதிர்த் திசை. ஒரு பக்கம் மட்டும் கல் வைத்து நிறுத்திய மூடாக்கு ஆறு மாதம்தான் நிற்கும்.

மணல். இதில் ஒரு நுட்பம் உண்டு. தூய மணல் தனக்குத்தானே மூடாக்கு. மேலே இரண்டு அங்குலம் காய்ந்துவிட்டால், கீழே உள்ள ஈரம் ஏறிவர வழியில்லாமல் நின்றுவிடும். ஆகையால் வாரம் ஒருமுறை ஆழமாகத் தண்ணீர் விடும் மரங்களுக்கு மூடாக்கால் கிடைக்கும் நீர்ச் சேமிப்பு நினைக்கிற அளவுக்கு இருக்காது. தினமும் தண்ணீர் தெளிக்கும் காய்கறிப் பாத்தி வேறு. ஒவ்வொரு முறையும் அந்த மேல் இரண்டு அங்குலத்தை நனைத்து, நனைத்ததை வெயிலுக்கும் காற்றுக்கும் கொடுக்கிறோம். 1 மி.மீ. நீர் ஒரு சென்ட்டில் 40 லிட்டர். நாளுக்கு 4 மி.மீ. ஆவியானால் 160 லிட்டர், அதாவது 15 லிட்டர் குடத்தில் பத்துக்கு மேல். எனவே மூடாக்கு குறைவாகத்தான் கிடைக்கிறது என்றால் முதலில் காய்கறிப் பாத்தி, அடுத்து இளங்கன்று, கடைசியாகத்தான் காய்க்கிற மரம். பலர் செய்வது இதற்கு நேர்மாறு.

கன அளவும் வண்டிக்கூலியும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. நான்கு அங்குலக் கனத்துக்குப் போட 145 கன அடி, அதாவது ஏறத்தாழ ஒன்றரை யூனிட் வேண்டும். மூடாக்குப் பொருள் இலவசமாகக் கிடைத்தாலும் குட்டியானை வண்டி இலவசமாக வராது. உலர்ந்த சருகும் ஓலையும் எடை இல்லாமல் இடத்தை மட்டும் அடைப்பவை; ஐந்து கிலோமீட்டருக்கு மேல் போனால் வாடகைதான் விலை.

வீட்டில் அதற்கு வேறு என்ன வேலை? மட்டை அடுப்புக்கும், ஈர்க்கு விளக்குமாற்றுக்கும், வைக்கோல் மாட்டுக்கும் போகின்றன. மூடாக்குக்குப் போட்டால் அந்த இடத்தில் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கும். இந்தக் கணக்கை யாரும் எழுதிப் பார்ப்பதில்லை.

அதற்குள் என்ன குடியேறும்? கரையான், காண்டாமிருக வண்டு, தேள், சுருட்டை விரியன். கடைசியாகச் சொன்னது இந்த வறண்ட மணல்காட்டில் விளையாட்டல்ல.

## தென்னை மட்டையும் கீற்றும்

ஒரு தென்னை ஆண்டுக்குச் சுமார் 12 மட்டை கழிக்கும். அதன் தூரைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரத்தில் எடுக்கும் வட்டப்பாத்திக்குப் பரிந்துரை 15 உலர்ந்த மட்டை. மரம் தனக்கு வேண்டியதைக் கிட்டத்தட்ட தானே கீழே போட்டுவிடுகிறது! வண்டிக்கூலி இல்லை, உப்பு இல்லை. கரைத் தோட்டத்துக்கு இதைவிட நேர்மையான மூடாக்கு கிடையாது.

போடும் முறையில்தான் தவறு நடக்கிறது. முழு மட்டையை அப்படியே இழுத்துப் போட்டால் அடிப்பகுதி தூக்கிக்கொண்டு நிற்கும். கீழே காற்று புகுந்து ஈரத்தை உறிஞ்சிவிடும். அடிக்கட்டையை வெட்டி அடுப்புக்கு எடுத்துக்கொண்டு, மீதியை நடு நரம்பில் இரண்டாகப் பிளந்து, ஒவ்வொன்றையும் மூன்று துண்டாக்கிப் படுக்கையாக அடுக்குங்கள். முதல் அடுக்குக்குக் குறுக்காக இரண்டாம் அடுக்கு வரட்டும். வெட்டிய அடிக்கட்டைகளில் நாலைந்தை மேலே பாரமாக வைத்தால் வாடையும் கச்சானும் அசைக்காது. இப்படிப் போட்டது ஒரு வருடம் உழைக்கும்.

மறைந்த செலவு அடுப்பிலும் விளக்குமாற்றிலும் இருக்கிறது. கீற்று முடைந்து விற்கும் வீட்டில் மட்டைக்குக் கைமேல் விலை உண்டு. அங்கே மட்டையை விற்று, வேறு பொருளை மூடாக்காக்குவது லாபமாக இருக்கலாம். காய்கறிப் பாத்திக்கு இது அவ்வளவு பொருந்தாது. முரட்டுப் பொருள், செடிக்குச் செடி வளைத்துப் போட முடியாது. வரிசைகளுக்கு நடுவே நடைபாதையில் போட நன்று.

ஒரு எச்சரிக்கை: சுருள் வெள்ளை ஈ உள்ள தோப்பிலிருந்து பச்சை மட்டை கொண்டுவராதீர்கள். தானாகக் காய்ந்து விழுந்தது போதும். தொட்டிச் செடி, நாற்றுப்பை வைத்திருப்பவர்கள், மட்டையடியில் வலைபோல் இருக்கும் பன்னாடையைத் தூக்கி எறிய வேண்டாம். கத்தரியால் வட்டமாக வெட்டி, நடுவில் ஒரு கீறல் போட்டு, தண்டைச் சுற்றிச் செருகினால் அளவெடுத்துத் தைத்த மூடாக்கு அது.

## உரிமட்டை

இது தேங்காயிலிருந்து உரித்த நார்மட்டை. மரத்துக்கு 100 என்பது கணக்கு. முதுகுப் பக்கம் மேலே பார்க்க வேண்டும். குழி மேலே பார்த்தால் ஒவ்வொரு மட்டையும் ஒரு கிண்ணம். மார்கழித் தூறலில் நீர் தேங்கும், அதில் டெங்கு கொசு முட்டையிடும். உரிமட்டையை மண்ணுக்குள் புதைப்பது வேறு வேலை. மரத்திலிருந்து 1.5 மீட்டர் தள்ளி, ஓரடி அகலம், இரண்டடி ஆழத்தில் வட்டக்குழி எடுத்து அடுக்கும்போது மட்டும் குழிப்பக்கம் மேலே இருக்கட்டும். அங்கே தண்ணீர் பிடிப்பதுதான் நோக்கம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

மெதுவாக மக்கும், கனம் இருப்பதால் காற்றுக்கு அசையாது, சாம்பல் சத்தும் தரும். தென்னை, சப்போட்டா போன்ற நிலையான மரங்களுக்கு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரே வேலையாக முடிந்துவிடும். குறை, தேள். குனிந்து கையால் புரட்டாதீர்கள்; மம்பட்டியால் தட்டிவிட்டுத் தொடுங்கள். கயிற்றுக்காக உவர்நீரில் ஊறவைத்த மட்டை என்றால் மழையில் ஒரு பருவம் கிடந்த பிறகே தோட்டத்துக்குள் விடலாம்.

## தென்னை நார்க்கழிவு

அதிகம் வாங்கப்படுவதும் அதிகம் ஏமாற்றமளிப்பதும் இதுதான். பொருள் மோசமில்லை, மூடாக்கு வேறு, தொட்டி மண் வேறு என்ற வேறுபாடு தெரியாமல் வாங்குவதுதான் பிழை.

தன் எடையைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் நீர் பிடிக்கும் என்பதே இதன் பெருமை. அந்தப் பெருமையே மூடாக்கில் வினையாகிறது. இரண்டு அங்குலக் கனத்துக்குப் போட்டால் ஒரு சதுர மீட்டரில் நாலைந்து கிலோ உலர் பொருள் இருக்கும். அது 20 லிட்டர் வரை குடித்துவிட்டுச் சும்மா இருக்கும். நீங்கள் பூவாளியில் தெளிக்கும் ஐந்து லிட்டர் வேருக்குப் போகவே போகாது. சித்திரையில் அபூர்வமாக வரும் கோடைமழையும் இதிலேயே நின்றுவிடும். மேலே தொட்டால் சில்லென்று இருக்கும், கீழே மண் தூளாகக் கிடக்கும், செடி வாடும். ஆகவே நார்க்கழிவு போட்டால் தண்ணீர் அதற்குக் கீழே போக வேண்டும். சொட்டுநீர்க் குழாயை முதலில் மண்மேல் விரித்து, அதன்மேல் இதைப் பரப்புங்கள். சொட்டுநீர் இல்லாத வீட்டில் செடிக்கு ஒன்றாக அடி திறந்த பழைய குழாய்த் துண்டை நட்டு அதில் ஊற்றலாம்.

இன்னும் மூன்று சிக்கல்கள் உண்டு. முழுக்கக் காய்ந்துவிட்டால் நீரை ஏற்காது. அடுத்த மழையில் மிதந்து வாய்க்காலுக்குப் போய்விடும். வாடை வீசும் திறந்தவெளியில் தூளாகப் பறக்கும். மக்காத நார்க்கழிவில் கரிம, தழைச்சத்து விகிதம் 112:1 அளவில் இருப்பதால், மண்ணோடு கலந்துவிட்டால் செடிக்குரிய தழைச்சத்தைப் பிடித்துக்கொள்ளும், இலை வெளுக்கும். மண்மேல் இருக்கும்வரை இந்தத் தொல்லை குறைவு. கொத்தி உள்ளே தள்ளினால்தான் ஆபத்து. மக்கவைத்துப் போடுவதானால் ஒரு டன்னுக்கு 5 கிலோ யூரியா, 5 பை சிப்பிக்காளான் வித்து. அடுக்கடுக்காகப் போட்டு ஈரம் காயாமல் 60 நாள். விகிதம் 24:1 அளவுக்கு இறங்கும்.

ஐந்து கிலோ கட்டியாக வாங்க நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கட்டி ஊறினால் சுமார் 70 லிட்டர். ஒரு சென்ட்டை இரண்டு அங்குலத்துக்கு மூட 29 கட்டி வேண்டும். கட்டி மாடித் தோட்டத்துக்குச் சரி, தரைக்குக் கட்டுப்படியாகாது. கயிற்று ஆலையிலிருந்து உதிரியாக லோடு எடுத்தால் மலிவு. ஆனால் அது கழுவாதது. உப்பு சோதிக்காமல் இறக்க வேண்டாம். சோதனை எளிது. ஒரு பங்கு நார்க்கழிவு, ஐந்து பங்கு மழைநீர். ஒரு மணி நேரம் ஊறவைத்து வடித்து, அந்த நீரில் நனைத்த துணியில் பத்துப் பாசிப்பயறு, வெறும் மழைநீரில் நனைத்த துணியில் பத்து. மூன்றாம் நாள் முளையின் நீளத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் துணியில் முளை பாதியளவுதான் இருந்தால், அந்த லோடு ஒரு மழைக்காலம் வெளியில் கிடக்கட்டும்.

மக்கிக்கொண்டிருக்கும் குவியலில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். தென்னை உள்ள வீட்டில் குவியலை மாதம் ஒருமுறை புரட்டி, வெள்ளைப் புழுக்களைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். மெட்டாரைசியம் பூஞ்சையைத் தூவுவதும் வழக்கம்.

இது எங்கே சிறந்தது? சொட்டுநீர் உள்ள, காற்று அடங்கிய, வேலி மறைவில் இருக்கும் மல்லிகை, கத்தரிப் பாத்திகளுக்கும், தங்கச்சிமடத்துப் பாணியில் மல்லிகை நாற்றங்கால் போடுபவர்களுக்கும்.

## பனையோலை

சாயல்குடி, கடலாடிப் பக்கம் இருந்தால் இதுதான் முதலில் கைக்கு எட்டும். அகன்ற விசிறி ஓலை. மெதுவாக மக்கும், களை துளைத்து வராது, உப்பு இல்லை. ஒரு சென்ட்டை ஓரடுக்கு மூடவே 60 ஓலைக்குக் குறையாது. மரத்துக்கு ஆண்டுக்குப் பத்து ஓலை கழித்தால் ஆறு மரத்தின் ஓலை ஒரு சென்ட்டுக்குப் போய்விடும்.

ஓலைக்குக் கிராக்கி வருவதும் மூடாக்குக் காலத்தில்தான். கார்த்திகையில் சொக்கப்பனை, தையில் பொங்கல் அடுப்பு. பொங்கல் முடிந்தபின் விலை தணியும், ஆனால் அதற்குள் மேல்மண் ஈரத்தில் ஒரு பங்கு போயிருக்கும். ஆகவே ஐப்பசிக்கு முன்பே கழித்து அட்டி போட்டு வைப்பவருக்கே இது லாபம்.

கருக்கு மட்டையை வெட்டி எடுத்துவிட்டுத்தான் பரப்ப வேண்டும். மண்ணில் பாதி புதைந்த கருக்கு வெறுங்காலுக்கு அரிவாள். ஓலையின் நெளிவுகள் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுகிறபடி அல்லாமல், செடியை நோக்கிச் சரிந்திருக்கும்படி வையுங்கள். மழையும் பாசனநீரும் வாய்க்கால்போல் வேருக்கு இறங்கும். நெளிவை மிதித்து உடைத்துச் சப்பையாக்கினால் காற்று பிடிக்காது. கரையான் வரும், தவிர்க்க முடியாது. தண்டிலிருந்து ஒரு சாண் விட்டுப் போட்டால் ஓலையைத் தின்றுவிட்டுப் போகும், செடியைத் தொடாது. சந்தேகமானால் தண்டைச் சுற்றி ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு.

## வைக்கோல்

ராஜசிங்கமங்கலம், திருவாடானைப் பக்கத்து வயல்களில் அறுவடை தை, மாசியில். மார்கழியில் கையில் இருப்பது போன வருடத்து வைக்கோல், அதுவும் மாட்டுக்கு. சதுர மீட்டருக்கு ஒரு கிலோ என்றால் சென்ட்டுக்கு 40 கிலோ. மென்மையானது, செடியைச் சுற்றி வளைத்துப் போட ஏற்றது, கீரைப் பாத்திக்கும் நாற்றுக்கும் இதைப்போல் வேறில்லை. மழை நனைத்த வைக்கோல், மாடு முகர்ந்துவிட்டு ஒதுக்கியது கிடைத்தால் விடாதீர்கள்.

ஆனால் வாடையில் நிற்காது. கரையோர வீடுகளில் பழைய மீன்வலையை மேலே விரித்து நாலு மூலையிலும் முளை அடிப்பது நல்ல உபாயம். வலை முழுதாக இருக்க வேண்டும். நூல் பிரிந்த வலை மண்ணோடு கலந்து பிறகு கடலுக்கே போகும், அதற்கு முன் ஓணானும் கோழியும் சிக்கும். மூடாக்கு படிந்ததும், இரண்டு மூன்று வாரத்தில், வலையை எடுத்துச் சுருட்டிவிடுங்கள். எலி, அதைத் தேடி வரும் பாம்பு, அடுப்புப் பொறி இவற்றையும் கணக்கில் சேர்க்கவும். மாடு வளர்ப்பவர் வைக்கோலை மாட்டுக்குக் கொடுத்து, எருவைத் தோட்டத்துக்குக் கொடுப்பதே நல்லது.

## கடற்புல்

வாடைக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும்போது பாக் விரிகுடாக் கரையில் கடற்புல் வரிவரியாக ஒதுங்கும். கச்சான் காலத்தில் தென்கடலான மன்னார் வளைகுடாக் கரையிலும் ஒதுங்கும். இது பாசி அல்ல. வேரும் பூவும் உள்ள செடி. நிலத்துக் களைவிதை இதில் ஒன்றுகூட இருக்காது. நாடா போன்ற இலை காய்ந்தபின் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு பாய் மாதிரி படியும், பரப்பி நனைத்துவிட்டால் காற்று தூக்காது.

இலவசம் என்று நினைப்பவர்கள் ஒரு சாக்கை அள்ளிக் கொட்டிப் பார்க்கட்டும். கணிசமான பங்கு மணல், கூடவே நைலான் நூல், பிளாஸ்டிக் மூடி, சிப்பி. பொறுக்கிச் சலிக்கும் கூலி ஒன்று. உப்பை இறக்கும் காலம் இன்னொன்று. அள்ளிய புல்லைத் தோட்டத்துக்கு வெளியே, கிணற்றிலிருந்து தள்ளி, மேட்டில் முழங்கால் உயரத்துக்குப் பரப்பி மழையில் விட வேண்டும். இரண்டு நல்ல மழைக்குப் பிறகு புரட்டி, மறுபடி இரண்டு மழை. பிறகு மேலே சொன்ன பாசிப்பயறுச் சோதனை. ஐப்பசியில் அள்ளினால் மார்கழிக்குத் தயார். மார்கழியில் அள்ளியது அடுத்த மழைக்காலத்துக்குத்தான். கிணற்றுநீரில் கழுவி உப்பை இறக்குவது நம் ஊரில் நடக்காத காரியம், அந்தக் கிணற்றிலேயே பாதி உப்பு.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கிருந்து ஒரு கைப்பிடி எடுப்பதும் குற்றம். புல்லோடு பவளத் துண்டோ கடல் அட்டையோ வந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள், இரண்டுமே வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை. அடப்பங்கொடி படர்ந்த மணல்மேட்டு அடிவாரத்தில் ஒதுங்கிக் கிடப்பதை அள்ளக்கூடாது; மணலைப் பிடித்து நிறுத்துவது அதுதான். எடுப்பதானால் வலையில் சிக்கி, படகுத்துறையில் உதறிக் குவித்ததை எடுங்கள். அதற்கு யாரும் மறுப்புச் சொல்வதில்லை.

தென்னைக்கும் சப்போட்டாவுக்கும் தயங்காமல் போடலாம், இரண்டும் உப்பு தாங்குபவை. கத்தரி, மிளகாய்க்குச் சோதித்துப் போடுங்கள். அவரைக்கும் பீன்ஸுக்கும் வேண்டவே வேண்டாம்.

## நிலப்போர்வை என்னும் பிளாஸ்டிக் சீட்

காய்கறிக்கு 25 முதல் 30 மைக்ரான், வெள்ளி, கருப்பு இருபுறச் சீட். வெள்ளி மேலே இருந்தால் ஒளி பிரதிபலித்து இலைப்பேனும் அசுவினியும் குறையும். மிளகாயில் இது உண்மையான ஆதாயம். 1.2 மீட்டர் அகலச் சீட்டில், பாத்திக்குப் பாத்தி 1.5 மீட்டர் இடைவெளி என்றால் ஒரு சென்ட்டுக்கு 27 மீட்டர். 400 மீட்டர் ரோல் ஏறத்தாழ 15 சென்ட்டுக்கு வரும். இரண்டு சென்ட் காய்கறிக்கு முழு ரோல் வாங்குவது, தெருவுக்கே சமைத்து ஒருவர் சாப்பிடுவது மாதிரி.

இந்தக் கரையில் இதற்கு எதிராக மூன்று காரணங்கள். மணலில் ஓரம் நிற்காது. வழக்கமான அரையடிக் குழி போதாமல் முக்கால் அடி தோண்டி, ஈரமண்ணால் மிதித்து மூட வேண்டும். இரண்டாவது, மழைநீர் உள்ளே போகாது, ஆகவே உப்பைக் கழுவும் இயற்கை வேலை நின்றுவிடும். சொட்டுநீர் நனைக்கும் வட்டத்தின் ஓரத்தில் உப்பு வளையமாகச் சேரும். சீட்டை எடுத்தபின் வரும் முதல் தூறல் அந்த உப்பை வேருக்குத் தள்ளிவிடும். அப்போது சொட்டுநீரை நிறுத்தாமல் மழையோடு சேர்த்தே ஓடவிட்டால் உப்பு கீழே இறங்கும். மூன்றாவது, மெல்லிய சீட் ஒரு பயிருக்கு மேல் தாங்காது. கிழியாமல் எடுக்க ஒரு நாள் ஆள்கூலி ஆகும். எடுக்காமல் விட்ட துண்டுகளைக் கச்சான் எங்கே கொண்டுபோகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இருந்தும் இதைத் தேர்ந்தெடுக்க வேண்டிய இடம் உண்டு. கால் ஏக்கருக்கு மேல் மிளகாயோ தர்பூசணியோ சந்தைக்குப் போடுகிறீர்கள், சொட்டுநீர் இருக்கிறது, களையெடுக்க ஆள் கிடைக்கவில்லை, கிணற்றுநீர் ஓரளவு நல்லது: அங்கே ஓலையும் வைக்கோலும் போட்டி போட முடியாது.

## உயிர் மூடாக்கு

பசுந்தாள் செடிகளைப் புரட்டாசி, ஐப்பசி முதல் மழையில் விதைத்து, பூக்கும் தறுவாயில் அறுத்து, அதே இடத்தில் கிடத்துவது. உவர்மண்ணுக்குத் தக்கைப்பூண்டு, சென்ட்டுக்கு 200 கிராம். மணலுக்குச் சணப்பை, 150 கிராம். கொழுஞ்சியானால் விதையை மணலோடு தேய்த்துத் தோலைக் கீறி 80 கிராம். வண்டி இல்லை, கூலி இல்லை. தவறவிடக்கூடாதது அறுக்கும் நாள். தைக்கு மேல் உயிரோடு விட்டால் மூடாக்கு தானே தண்ணீர் குடிக்கத் தொடங்கிவிடும். அறுத்தது சீக்கிரம் சுருங்கி மக்கும், அதனால் இதன்மேல் மெல்லிய ஓலை அடுக்கு ஒன்று போட்டால் இரண்டும் சேர்ந்து சித்திரை வரை வரும்.

சீமைக்கருவேல இலைச்சருகு இலவசமாகக் கிடைக்கிறதே என்று கேட்பார்கள். முள், முளைக்கும் விதை, மற்ற விதைகளின் முளைப்பைத் தடுக்கும் இலைச்சாறு. வேண்டாம்.

## பக்கத்தில் பக்கத்தில்

| மூடாக்கு | உப்பு | காற்றுக்கு | தோராய ஆயுள் | மறைந்த செலவு | பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|---|
| தென்னை மட்டை | இல்லை | பாரம் வைத்தால் நிற்கும் | ஓர் ஆண்டு | விறகு, ஈர்க்கு இழப்பு | தென்னை, நடைபாதை |
| உரிமட்டை | ஊறவைத்ததில் உண்டு | அசையாது | 2–3 ஆண்டு | தேள், கொசு | நிலையான மரங்கள் |
| நார்க்கழிவு | சோதிக்க வேண்டும் | பறக்கும் | ஓர் ஆண்டுக்கு மேல் | சொட்டுநீர், வண்டு | மறைவான பாத்தி, நாற்றங்கால் |
| பனையோலை | இல்லை | மிதித்தால் நிற்கும் | ஓர் ஆண்டுக்கு மேல் | முன்கூட்டிச் சேமிப்பு | இளங்கன்று, களை மிகுந்த இடம் |
| வைக்கோல் | இல்லை | நிற்காது | 3–4 மாதம் | மாட்டுத் தீவனம் | கீரை, நாற்று |
| கடற்புல் | நிறைய, கழுவ வேண்டும் | படிந்தபின் நிற்கும் | ஓர் ஆண்டு | சலித்தல், ஒரு மழைக்காலக் காத்திருப்பு | தென்னை, சப்போட்டா |
| பிளாஸ்டிக் சீட் | உள்ளே சேரும் | ஓரம் ஆழமானால் | ஒரு பயிர் | அகற்றும் கூலி | சந்தைக்கான மிளகாய், தர்பூசணி |
| உயிர் மூடாக்கு | இல்லை | பிரச்சினை இல்லை | 2 மாதம் | அறுக்கும் நாள் தவறினால் நீர் | பயிரில்லாத பாத்தி |

எட்டு சென்ட் வீட்டுக்கு ஒரே பொருளைத் தேடுவதே வீண். தென்னைக்கு அதன் மட்டை, காய்கறிக்கு அறுத்த சணப்பைமேல் ஓலை, நாற்றுக்குப் பழைய வைக்கோல், தொட்டிக்குப் பன்னாடை என்று பிரித்தால் பெரும்பாலான வீடுகளில் வண்டி வாடகை இல்லாமலேயே முடியும். எங்கள் தீர்ப்பு இது. கடற்புல்லும் நார்க்கழிவும் இதற்குப் பிறகும் குறை விழும் இடத்துக்கு மட்டும்.

## போடும் நாளும் முறையும்

மழை கொட்டிக்கொண்டிருக்கும் ஐப்பசியில் கனமாக மூடினால் கத்தரி, மிளகாய், பப்பாளியின் தூர் அழுகும். பெருமழை ஓய்ந்து, கார்த்திகைக் கடைசியிலோ மார்கழியிலோ, ஒரு சாண் ஆழத்து மண்ணைக் கையில் பிடித்துப் பாருங்கள். உருண்டையாகப் பிடித்து, விரலால் தட்டியதும் உதிர்ந்தால் அதுதான் நாள். உருண்டை பிடிக்கவே இல்லை என்றால் முதலில் ஒரு முழுப் பாசனம், மறுநாள் மூடாக்கு.

1. களையை வேரோடு எடுங்கள். கோரை இருந்தால் கிழங்கு வரை தோண்ட வேண்டும். அது ஓலையையும் துளைத்து வரும், பிளாஸ்டிக்கையும் துளைத்து வரும்.
2. மக்கிய எருவை மண்மேல் விரலளவு பரப்புங்கள். மூடாக்கு போட்டபின் அடியில் எரு வைக்க யாரும் மறுபடி பிரிப்பதில்லை.
3. சொட்டுநீர் இருந்தால் குழாய் எருவுக்கு மேல், மூடாக்குக்குக் கீழ். எல்லா வாயிலும் நீர் வருகிறதா என்று பார்த்துவிட்டு மூடுங்கள். நம் கடினநீரில் அடைப்பு சாதாரணம்.
4. காய்கறித் தண்டிலிருந்து நான்கு விரல், இளமரத்திலிருந்து ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.
5. படிந்தபின் நான்கு அங்குலம் நிற்க வேண்டுமானால் வைக்கோலையும் சருகையும் ஏழெட்டு அங்குலம் போடுங்கள். நார்க்கழிவு காய்கறிப் பாத்திக்கு இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம்.
6. போட்ட அன்றே நனைத்து, வாடை வரும் வடகிழக்கு ஓரத்தில் பாரம் வையுங்கள். வைகாசியில் அந்தப் பாரத்தைத் தென்மேற்கு ஓரத்துக்கு மாற்றுங்கள்.

பத்து நாளைக்கு ஒருமுறை ஓர் இடத்தில் விலக்கி மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் விட வேண்டும். பழக்க தோஷத்தில் முன்புபோல் தினமும் ஊற்றினால் மூடாக்கு போட்டதன் பயன் உப்பாகத்தான் திரும்பிவரும். விலக்கும்போது நீண்ட கம்பு, செருப்பு இரண்டும் கட்டாயம். மாலை மங்கியபின் கை விடாதீர்கள். புரட்டாசியில் மிச்சமிருப்பதைப் பாத்தி நடுவிலிருந்து வரப்புக்கு இழுத்து மண்ணைத் திறந்துவிடுங்கள். ஐப்பசி மழை நேரடியாக மண்ணில் விழுந்து, வருடம் முழுக்கச் சேர்ந்த உப்பைக் கீழே இறக்கட்டும். வரப்புக்கு இழுத்ததில் மக்காமல் நாரும் நரம்புமாய் நிற்பதை, மார்கழியில் புது மூடாக்குக்கு மேல் பாரமாகப் போடலாம்.